மறுபடியும் குடிச்சீங்களா?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் நான் தமிழாக்கிச் சொன்ன ஒரு கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை. குழந்தைகள் நலத்துறையின் சமூகப் பணியாளர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா "இல்ல" என்றாள். அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் குறித்துக்கொண்டார். எல்லாம் சேர்த்துப் பத்து நொடிகூட இருக்காது. பல மாதம் கழித்து, வேறொரு வேலைக்காகப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, அந்தக் கேள்வி தமிழில் எப்படி ஒலித்திருக்கும் என்பது சட்டென்று என் காதில் விழுந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நான் மொழிபெயர்ப்பாளர். எழுத்தில் இல்லை, வாய்ப்பேச்சில். மருத்துவமனை, நீதிமன்றம், குழந்தைகள் நலத்துறை என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போய், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் தமிழே தெரியாத அதிகாரிக்கும் நடுவில் உட்காருவேன். அறையில் கேட்டது அறையோடு போக வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் விதி. அதனால் எந்த நாடு, எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இரண்டாவது விதி, சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. ‘அவர் சொல்கிறார்’ என்றெல்லாம் சேர்க்கக் கூடாது. பேசுகிறவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். கருத்துச் சொல்லக் கூடாது, அறிவுரை கூடாது, வெளியே நடைபாதையில் நின்று தனியாகப் பேசக் கூடாது. பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இரண்டாவது விதியை மீறியதே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் ஆங்கிலத்தில் கேட்டதில் இருந்த சொல் ‘ரிலாப்ஸ்’. போன சந்திப்புக்குப் பிறகு ரிலாப்ஸ் ஏதாவது உண்டா என்பதுதான் கேள்வி. அது மருத்துவர்கள் புழங்கும் சொல். மனச்சோர்வுக்கும் சொல்வார்கள், ரத்தப் புற்றுநோய்க்கும் சொல்வார்கள். அடங்கியிருந்த நோய் திரும்பத் தலைகாட்டுவது என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குள் குற்றவாளி யாரும் கிடையாது. வந்தது நோய், அவ்வளவுதான். நான் சொன்னது இது: "போன தடவைக்கு அப்புறம் மறுபடியும் குடிச்சீங்களா?" தகவல் அளவில் தவறு இல்லை. ஆனால் தமிழில் ‘மறுபடியும்’ என்று தொடங்கி ‘-ஈங்களா’ என்று முடிகிற கேள்வியை எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அதட்டலாகத்தான் போய் விழும். சின்ன வயதிலிருந்து அந்தத் தொனியில் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாம். அவளுக்கு நோயைப் பற்றிய கேள்வி போய்ச் சேரவில்லை. அவள் செய்த குற்றத்தைப் பற்றிய கேள்வி போய்ச் சேர்ந்தது, அதுவும் ஒரு தமிழ்ப் பெண்ணின் வாயிலிருந்து.

நம்மிடம் இதற்கு இருக்கும் சொற்களை எண்ணிப் பார்த்தால் எனக்கு மனசு கனக்கிறது. தண்ணி அடிக்கிறது, ஊத்திக்கிறது, போதையில் கிடக்கிறது. குடிகாரன் என்பது ஒரு ஆளைப் பற்றிய கடைசித் தீர்ப்பு மாதிரி. அதற்குமேல் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்பதுபோல. அதையே ‘குடிகாரி’ என்று பெண்பாலாக்கினால் வசையாகவே ஆகிவிடுகிறது. குடிக்கிற அப்பாவைப் பற்றி ஊரே கூடிப் புலம்பும். குடிக்கிற அம்மாவைப் பற்றி வாயைப் பொத்திக்கொண்டு பேசும். குடிநோய், குடிநோயாளி என்ற சொற்கள் எழுத்துக்கு வந்து வெகுநாளாகிவிட்டன, வீட்டுப் பேச்சுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழமொழி வேறு: குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. பொய் என்று சொல்லமாட்டேன். ஏமாந்து ஏமாந்து சலித்த குடும்பங்களிலிருந்து வந்த பழமொழி அது. ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு ஒருவரிடம் கேள்வி கேட்டால், அவர் என்ன பதில் சொன்னாலும் பயனில்லை.

இரண்டு பக்கம் தள்ளி இருந்த உண்மை

அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகன், நாலு வயதில் ஒரு மகள். பிள்ளைகளின் அப்பா ஃபைலில் ஒரே ஒரு வரியில் வந்து போகிறார்: தொடர்பில் இல்லை. (இந்த மாதிரி ஃபைல்களில் அப்பாக்கள் இப்படித்தான் இருப்பார்கள். குடிக்கிற அம்மாவை நாற்பது பக்கத்துக்கு அலசியிருப்பார்கள். விட்டுவிட்டுப் போனவரைத் தேடிப் போய் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) பள்ளியிலிருந்து தகவல் போய், துறை வந்து, பிள்ளைகள் அவளோடுதான் இருக்கலாம், ஆனால் குடியை விட வேண்டும், சிகிச்சைக்குப் போக வேண்டும், வாராவாரம் பார்க்க வருவோம் என்று ஏற்பாடு ஆகியிருந்தது. நான் அந்தக் கேள்வியைக் கேட்ட கூட்டம், ஏற்பாடு தொடங்கிய எட்டாவது வாரத்தில் நடந்தது.

"இல்ல" என்று அவள் சொன்ன அதே வாரம் ரத்தம் எடுத்தார்கள். பாஸ்ஃபாடிடைல் எத்தனால் என்ற பொருளைத் தேடும் சோதனை. மது உள்ளே போனால் மட்டுமே அது உடலில் உருவாகும், இரண்டிலிருந்து நாலு வாரம்வரை ரத்தத்தில் தங்கும். முடிவு வந்தது, குடித்திருக்கிறாள். அடுத்த கூட்டத்தில் யாரும் குரல் உயர்த்தவில்லை. தாய் தகவலை மறைத்தார், அவர் வார்த்தையை நம்பிப் பிள்ளைகளை விட்டுவைக்க முடியாது என்று எழுதினார்கள். அந்த வரியையும் நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். இரண்டு நாளில் பிள்ளைகள் ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதவே தொடங்கினேன். இன்னொரு பணியாளர் மகனிடம் தனியாகப் பேசியிருந்தார். அவனுக்கு ஆங்கிலம் சரளம், அதனால் அந்தப் பேச்சுக்கு நான் தேவைப்படவில்லை. ஆனால் அவன் சொன்னதை அம்மாவுக்குத் தெரியப்படுத்த வேண்டும். மூன்று பக்கக் குறிப்பை என் கையில் கொடுத்து, அப்படியே தமிழில் வாசிக்கச் சொன்னார்கள். விதிப்படி ‘நான்’ என்றுதான் வாசித்தேன். ஐம்பதை நெருங்கும் நான், ஒரு ஒன்பது வயதுப் பையனாக, அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

"ஃப்ரிட்ஜ்ல இருந்து ஐஸ் எடுத்து கிளாஸ்ல போடற சத்தம் கேட்டா பரவால்ல. அப்பல்லாம் அம்மா நல்லாத்தான் பேசுவாங்க. சத்தமே வரலன்னாதான் நான் போய்ப் பாப்பேன்." "தங்கச்சியோட ஷூவ என் கட்டிலுக்குக் கீழ வெச்சுக்குவேன். ராத்திரி வெளிய போகணும்னா தேடக் கூடாதுல்ல." "ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மாவ கட்டிப் புடிப்பேன். வாசன வருதான்னு பாக்கத்தான். அம்மாக்கு அது தெரியாது."

அந்த வரியை வாசித்ததும் அவள் கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். அழவில்லை. மூச்சு வெளியே வராமல் பிடித்துக்கொள்கிறவள் மாதிரி வைத்துக்கொண்டாள். நான் தொடர்ந்து வாசித்தேன். கடைசிப் பக்கத்தில், அந்த மாதத்தில் நடந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றி அவன் சொல்லியிருந்தான். "அன்னைக்கு அம்மா எங்கள பெரியம்மா வீட்ல கொண்டுபோய் விட்டாங்க. பை எல்லாம் எடுத்துக்கிட்டோம். காலைல வந்து கூட்டிட்டுப் போறேன், ராத்திரி போன் பண்ணாதன்னு சொன்னாங்க. காலைல வந்தாங்க."

ரத்தம் காட்டிக்கொடுத்த குடி அந்தச் சனிக்கிழமைக் குடிதான். அன்று சாயங்காலம் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குடிப்பதற்கு முன்னால், நிதானத்தில் இருக்கும்போதே, பிள்ளைகளைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். காலையில் போய்க் கூட்டிவந்திருக்கிறாள். துறை அவளிடம் எதிர்பார்த்தது எதுவோ, அந்த ராத்திரி அவள் செய்ததில் அதன் முக்கியமான பாதி இருந்தது. ஆனால் அதைச் சொல்லியிருக்க முடியாது. பிள்ளைகளை எங்கே விட்டேன் என்று சொன்னால், ஏன் விட்டேன் என்பதும் வெளியே வந்துவிடும். அவள் செய்த நல்ல காரியமும் அந்தப் பொய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டது. மகன் சொன்னது ஒரு பக்கத்தில், ரத்தச் சோதனை முடிவு அதே ஃபைலில் இரண்டு பக்கம் தள்ளி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் அந்த அறையில் யாருமில்லை. நான் பார்த்தேன்; சொல்லும் உரிமை எனக்கு இல்லை. சட்டப்படி அது சரிதான், மொழிபெயர்ப்பாளர் வாதாடத் தொடங்கினால் யாரும் யாரையும் நம்ப முடியாது. ஆனாலும் அன்று வாயை மூடிக்கொண்டு வெளியே வந்ததுபோல் வேறு எந்த நாளும் எனக்குக் கடினமாக இருந்ததில்லை.

நாட்கணக்கு

முதலில் பழி முழுவதையும் என் சொல்மேலேயே போட்டுக்கொண்டேன். சறுக்கல் ஏதாவது ஆச்சா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ? ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்கிற மொழிதானே இதுவும். கொஞ்ச நாள் போனதும் அது முழு உண்மை இல்லை என்று புரிந்தது. எவ்வளவு இதமான சொல்லில் கேட்டிருந்தாலும், ‘ஆமாம்’ என்றால் பிள்ளைகள் போய்விடுவார்கள் என்று அவள் நம்பினாள். நம்பியது தப்பும் இல்லை. உண்மை பேசினால் பிள்ளையை இழக்க வேண்டும் என்று இருக்கும் இடத்தில் எந்த அம்மா உண்மை பேசுவாள்? நான் பேசியிருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். பேசியிருக்க மாட்டேன்.

இதில் அதிகாரிகளைக் கெட்டவர்களாக்கி எழுதுவது சுலபம். ஆனால் அவர்கள் தலைமேல் தொங்குவது நாட்கணக்கு. அமெரிக்காவில் 1997-இல் வந்த தத்தெடுப்பு மற்றும் பாதுகாப்பான குடும்பங்கள் சட்டப்படி, ஒரு பிள்ளை கடைசி 22 மாதத்தில் 15 மாதம் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையை நீக்கக் கோரி மாநில அரசு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் 2014-லிருந்து இப்படிப்பட்ட வழக்கை 26 வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது பொது விதி. இந்தக் கெடுக்களை யாரும் கல்நெஞ்சத்தோடு வைக்கவில்லை. அம்மா திருந்துவாள், அப்பா திருந்துவார் என்று வருடக்கணக்காகக் காத்திருந்து, வீடு வீடாக மாறி மாறி, யாருக்கும் சொந்தமில்லாமல் வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்த பிறகு வந்தவை அவை. நாலு வயதுக் குழந்தைக்கு ஆறு மாதம் என்பது அதன் வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. அதை ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லிவிட முடியாது.

குடிநோய்க்கோ வேறு ஒரு நாட்கணக்கு. சிகிச்சைக்கு இடம் கிடைக்கவே வாரங்கள் போகும். கிடைத்து, விட்டு, ஒரு நிலைக்கு வர மாதங்கள். நடுவில் சறுக்கும். போதை நோயிலிருந்து மீள்கிறவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேருக்குச் சறுக்கல் நேர்கிறது என்றும், ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களிலும் ஏறக்குறைய இதே அளவுதான் என்றும் அமெரிக்காவின் தேசியப் போதைப் பயன்பாட்டு ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தக்காரர் மாத்திரையை விட்டுவிட்டு மயங்கி விழுந்தால் மாத்திரையை மாற்றிக் கொடுக்கிறோம். அவரைப் பொய்யர் என்று யாரும் எழுதுவதில்லை. சறுக்கல் வரும் என்று தெரிந்தே ஒரு சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு, சறுக்கியதும் அதையே சாட்சியாக வைப்பது எனக்குச் சம்மதமாகவே இல்லை.

சோதனைமேல் சோதனை என்று நம்பிக்கையை ரத்தத்திலும் முடியிலும் தேடுவதற்கும் ஒரு எல்லை உண்டு. கனடாவில் டொரொன்டோவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் ‘மதரிஸ்க்’ என்ற ஆய்வகம் இருந்தது. பெற்றோரின் தலைமுடியைச் சோதித்து, போதைப்பொருளும் மதுவும் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அதை வைத்துப் பல வருடம் பிள்ளைகளைப் பிரித்தார்கள். அந்தச் சோதனைகள் குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளுக்குப் போதுமானவையும் அல்ல, நம்பத்தக்கவையும் அல்ல என்று 2015 டிசம்பரில் நீதிபதி சூசன் லாங் அறிக்கை கொடுத்தார். அடுத்து வந்த ஆணையம் 1,271 வழக்குகளைப் புரட்டிப் பார்த்து, 56 வழக்குகளில் அந்த முடிவுகள் பெரிய பாதிப்பை உண்டாக்கியிருந்ததாக 2018-இல் சொன்னது. அதற்குள் பிள்ளைகள் தத்துப் போய் வேறு பெயரில் வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் மிகச் சிலரே திரும்பி வந்தார்கள்.

சோதனை சரியாகவே இருந்தாலும் அது சொல்வது ஒன்றுதான்: உடம்புக்குள் மது போயிருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், சாப்பிட்டார்களா, யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் ரத்தம் சொல்லாது. முடி சொல்லாது. அதை ஒன்பது வயதுப் பையன் சொன்னான்.

பிரிக்கவே கூடாதா?

பிரிக்கவே கூடாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். போதையில் சோபாவில் கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவது எவ்வளவு ஆபத்து என்று குழந்தை மருத்துவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஹெராயின் போன்ற போதையிலிருந்து மீளக் கொடுக்கும் மெத்தடோன் என்ற மருந்து ஒரு சின்னக் குழந்தையின் கையில் கிடைத்தால் ஒரு வாய் போதும், உயிர் போய்விடும். பூட்டு வைத்த பெட்டியோடு கொடுத்தனுப்பும் இடங்கள் இருப்பது அதனால்தான். மூன்று நாள் கதவைத் திறக்காத ஒரு வீட்டுக்குள்ளிருந்து தூக்கிவந்த குழந்தையின் அப்பாவுக்காகவும் நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அவர் அழுது அழுது சத்தியம் செய்தார். நான் ஒவ்வொரு சத்தியத்தையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தக் குழந்தை திரும்பப் போகவில்லை என்பதில் எனக்கு நிம்மதிதான், இன்றைக்கும்.

பிரிட்டனில் 2003-இல் போதைப் பயன்பாடு குறித்த அரசின் ஆலோசனைக் குழு ஒரு அறிக்கை வெளியிட்டது. போதைப்பொருள் பழக்கம் முற்றிய பெற்றோரின் பிள்ளைகள் அந்த நாட்டில் மட்டும் 2,50,000 முதல் 3,50,000 பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டது. பழக்கம் முற்றிய ஒவ்வொரு ஆளுக்கும் ஏறக்குறைய ஒரு பிள்ளை என்ற கணக்கு. மதுவை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அத்தனை பேரையும் எந்த அரசாலும் வீட்டிலிருந்து எடுத்துவிட முடியாது, எடுக்கவும் கூடாது. அப்படியானால் பெரும்பாலான பிள்ளைகள் இன்று ராத்திரியும் அந்தப் பெற்றோரோடுதான் தூங்கப் போகிறார்கள். அவர்களைக் காப்பாற்ற இருக்கிற முதல் வழி, வீட்டில் நிஜமாக என்ன நடக்கிறது என்பது யாராவது ஒரு பெரியவருக்குத் தெரிவது. அதைச் சொல்ல வேண்டிய ஆளையே நாம் பொய் பேசப் பழக்குகிறோம்.

இருபது நொடி

நாலு மாதம் கழித்து அந்தக் கேஸுக்குப் புதிதாக ஒரு பணியாளர் வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். முதல் சந்திப்பிலேயே ஃபைலை மூடி ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, நான் சொல்வதை ஒரு வரி விடாமல் சொல்லுங்கள் என்றார். பிறகு அவளைப் பார்த்துப் பேசினார். நீங்கள் குடித்தீர்கள் என்று சொல்வதாலேயே பிள்ளைகளை உங்களிடமிருந்து தள்ளி வைக்க மாட்டேன். நீங்கள் குடிக்கும்போது அவர்கள் உங்களோடு தனியாக இருந்தால் தள்ளி வைப்பேன். இரண்டும் வேறு வேறு. இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: "குடிக்கணும்னு தோணின நாள்ல பிள்ளைங்க எங்க இருந்தாங்க?"

அவள் பேசவில்லை. இந்த வேலையில் மௌனத்தையும் நான் மொழிபெயர்க்கக் கூடாது, அதை அப்படியே விட்டுவிட வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நொடி போல் ஓடியிருக்கும். பணியாளர் பேனாவைக்கூடத் தொடவில்லை. அப்புறம் அவள் என்னைப் பார்த்துத்தான் பேசத் தொடங்கினாள், அவரைப் பார்த்து இல்லை. "அக்கா, அன்னைக்கு சனிக்கிழம..." என்று தொடங்கியவள் நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. சனிக்கிழமை மட்டுமில்லை. எந்தெந்த நாளில் கை நடுங்கும், எந்த நேரத்தில் பயமாக இருக்கும், பெரியம்மா வீட்டுக்கு எத்தனை தடவை விட்டிருக்கிறாள், எத்தனை தடவை விடாமல் தப்பு செய்திருக்கிறாள். ஒரு தடவை மகளைக் குளிக்க வைத்துவிட்டுத் தண்ணீரை மூட மறந்து அங்கேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனதை அவளாகவே சொன்னாள். அது எந்த ஃபைலிலும் இல்லை. யாருக்கும் தெரிந்திருக்க வழியும் இல்லை. அதைச் சொல்லும்போது என் குரல்தான் உடைந்தது, அவள் குரல் இல்லை.

பணியாளர் அன்று எழுதிக்கொண்டது ஒரே ஒரு பக்கம். தோன்றினால் யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்கவில்லையென்றால் அடுத்து யாரை, பிள்ளைகள் எங்கே போவார்கள், மகன் யாருக்குப் போன் செய்யலாம். கடைசி வரியை அவர் அழுத்திச் சொன்னார்: பார்த்துக்கொள்வது மகனுடைய வேலை இல்லை என்று அம்மாவே அவனிடம் சொல்ல வேண்டும்.

அவர் செய்தது அபூர்வமான மந்திரம் ஒன்றும் இல்லை. அதையே ஒரு ஏற்பாடாக மாற்றி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. 1990-களில் அமெரிக்காவில் தொடங்கிய குடும்பச் சிகிச்சை நீதிமன்றங்களைப் பின்பற்றி, லண்டனில் 2008-இல் நீதிபதி நிக்கோலஸ் கிரைட்டன் ‘குடும்பப் போதை மற்றும் மது நீதிமன்றம்’ என்று ஒன்றைத் தொடங்கினார். அங்கே வழக்கு முடியும்வரை ஒரே நீதிபதி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வழக்கறிஞர்கள் இல்லாமல், பெற்றோர் அவரிடம் நேராகப் பேசுவார்கள். சறுக்கினேன் என்று அந்த அறையில் சொல்லலாம். சொன்னால் சிகிச்சைத் திட்டம் மாறும். பிள்ளையின் நாட்கணக்கையும் அதே நீதிபதிதான் கையில் வைத்திருக்கிறார், முடியாது என்றால் முடியாது என்றும் அவரே சொல்வார். ப்ரூனல் பல்கலைக்கழகம் தலைமையேற்ற ஆய்வு 2014-இல் வந்தபோது, அங்கே வந்த அம்மாக்களில் 40 சதவீதம் பேர் பழக்கத்தை விட்டிருந்தார்கள்; வழக்கமான நீதிமன்றங்களுக்குப் போனவர்களில் 25 சதவீதம். நூற்றுக்கு நூறு இல்லை. ஆனால் அந்த இடைவெளிக்குள் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் கென்டக்கியில் நடக்கும் ‘ஸ்டார்ட்’ என்ற திட்டத்தில் சமூகப் பணியாளரோடு இன்னொருவரும் வீட்டுக்குப் போகிறார். அவரும் ஒரு காலத்தில் போதையில் இருந்து, குழந்தைகள் நலத்துறையின் பிடியில் மாட்டி, மீண்டு வந்து மூன்று வருடமாவது ஆனவர். அவர் முன்னால் பொய் சொல்வது கடினம், உண்மை சொல்வது சுலபம். 2018-இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, பெற்றோர் தங்கிச் சிகிச்சை எடுக்கும் இல்லத்திலேயே பிள்ளையையும் வைத்துக்கொண்டால் 12 மாதம்வரை மத்திய அரசு அதற்குப் பணம் தரலாம் என்று வழி செய்தது. இதைப் படித்த அன்று அவளைத்தான் நினைத்துக்கொண்டேன். சிகிச்சை இல்லத்தில் சேரச் சொன்னபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, "பாப்பாவ கூட்டிட்டுப் போலாமா?" என்பதுதான். முடியாது என்றார்கள். அவள் சேரவில்லை. ஒத்துழைக்க மறுப்பு என்று அதுவும் ஃபைலில் ஏறியது.

இப்போது எந்தக் கேஸுக்குப் போனாலும், கூட்டம் தொடங்கும் முன் பணியாளரிடம் ஐந்து நிமிடம் கேட்கிறேன். அதற்கு எனக்கு அனுமதி உண்டு. ரிலாப்ஸ் என்ற சொல்லைப் பயன்படுத்துவீர்களா, அதற்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை, நான் ‘சறுக்கல்’ என்று சொல்லப் போகிறேன், வழுக்கிவிடுவது என்று அர்த்தம், உங்களுக்குச் சரியா என்று. சிலர் ஏன் என்று கேட்கிறார்கள். சிலர் அப்போதுதான் தங்கள் கேள்வியையே மாற்றுகிறார்கள்.

அந்தக் குடும்பத்தைக் கடைசியாகப் பார்த்தது ஒரு சந்திப்பு அறையில். பிள்ளைகளோடு அவளுக்கு வாரம் ஒன்றரை மணி நேரம். மேற்பார்வையாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவள் பிள்ளைகளிடம் தமிழில் பேசுவது அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நானும். ‘என் கண்ணு’, ‘சாமி’, ‘தங்கப்புள்ள’ என்று அவள் கூப்பிடுவதையெல்லாம் ஒவ்வொன்றாக அவர் காதில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பது என் வேலை. வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். அன்று மகள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். மகன் வாசலிலேயே நின்றான். அவன் சொன்னதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கட்டிப்பிடிக்க வந்தவன் பாதியில் நின்று கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

அவள் மகளை இறக்கி விட்டுவிட்டு அவன் உயரத்துக்கு முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். "ஊதட்டுமா?" என்றாள்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்து மெதுவாக ஊதினாள். அவன் முகர்ந்து பார்த்தான். பிறகு அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

மேற்பார்வையாளர் என் பக்கம் சாய்ந்து, அவள் என்ன கேட்டாள் என்றார். சொன்னேன்.